மூச்சுத் திணறும் பாம்புகள்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், கடலும் காயலும் நிலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் ஊர். கோடையில் உப்புக் குவியல்களால் வெளுத்துத் தோன்றும் பாத்திகள், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீருக்குள் மறைகின்றன. கழுவெளி ஏரியும் நிரம்பிப் பரந்து விரிகிறது. நீர் பெருகினால் மேட்டை நாடுவது உயிர்களின் இயல்பு. எலிகள் வரப்பேறுகின்றன; எலிகளைத் தொடர்ந்து பாம்புகளும் ஏறுகின்றன. மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீரமைக்க வருவோரும் அருகிலுள்ள வயல்களுக்குச் செல்வோரும் அதே வரப்புகளில் வெறுங்காலுடன் நடக்கின்றனர்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் உயிரிழந்தனர் என 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். கடிபட்டவரைக் காக்கும் நச்சுமுறி மருந்து, குதிரைகளின் குருதியிலிருந்து பெறப்படும் எதிர்ப்பொருள்களால் ஆனது. அந்த எதிர்ப்பொருள்களை உண்டாக்கக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகப் பாம்பின் நஞ்சையே செலுத்த வேண்டும். எனவே, மருத்துவமனையில் உள்ள மருந்துக் குப்பியின் வரலாறு ஏதோ ஓர் உயிருள்ள பாம்பின் வாயில் தொடங்குகிறது. அந்தப் பாம்பு நோயுற்றால் என்னவாகும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாம்புக்கும் சளி பிடிக்கும் என்றால் சிரிப்பவர்களே மிகுதி.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், மாமல்லபுரத்தைத் தாண்டியதும் வடநெம்மேலி வருகிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. ஒரு காலத்தில் பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்று வாழ்ந்த இருளர் மக்கள், தோல் வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டபோது பிழைப்பை இழந்தனர். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் இச்சங்கம் உருவானது. கொன்று தோலெடுத்த கைகள் உயிரோடு பிடித்து நஞ்செடுக்கத் தொடங்கின. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் இங்கு எடுக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது.

ஒற்றை நுரையீரல்

பாம்பின் உடலமைப்பே மூச்சுநோய்க்கு இடங்கொடுப்பது. நீண்டு குறுகிய உடலில் இரு நுரையீரல்கள் அருகருகே அமைய இடமில்லை. வலப்பக்க நுரையீரல் மட்டுமே நன்கு வளர்ந்து உடல்நெடுகச் செல்கிறது. இடப்பக்க நுரையீரல் மலைப்பாம்புகளில் சிறிதாக எஞ்சியுள்ளது, நாகம், விரியன் போன்றவற்றில் பெரும்பாலும் சுருங்கியோ இல்லாமலோ போய்விட்டது. அந்த ஒற்றை நுரையீரலிலும் முன்பகுதிதான் உயிர்வளியைக் குருதியில் சேர்க்கிறது. பின்பகுதி காற்றைத் தேக்கும் வெறும் பைதான்.

நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் உள்ளது. தொண்டையில் சளி திரண்டால் அதன் துணையோடு இருமி வெளியேற்றுகிறோம். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. விலாத் தசைகளை அசைத்தே அது மூச்சுவிடுகிறது. நம்மைப்போல் இரும அதனால் இயலாது. நுரையீரலில் சுரந்த சளி அங்கேயே தங்கித் தடிக்கிறது. நோயுற்ற பாம்பு தலையையும் கழுத்தையும் மேல்நோக்கி நீட்டி, வாயைத் திறந்தபடி கிடப்பது இதனால்தான். வாயோரத்தில் நுரை காணப்படும். மூச்சில் இரைப்பு கேட்கும். அதைக் கேட்பவர், பாம்பு சீறுகிறது என எண்ணி விலகுகிறார்! சீற்றம் வேறு, இரைப்பு வேறு. அந்த வேறுபாட்டைப் பழகிய செவியே அறியும்.

இன்னொரு குறையும் உண்டு. பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரி அன்று. வெயிலில் கிடந்து வெப்பம் பெற்றால்தான் அதன் செரிமானமும் நோயெதிர்ப்பும் செவ்வனே நடைபெறும். நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. பாம்போ தன் காய்ச்சலை வெயிலில் தேடிச் செல்ல வேண்டும். அடைபட்ட பாம்புக்கு அந்த வழியும் இல்லை. குளிர்ந்த, ஈரமான கூண்டில் வைக்கப்பட்ட பாம்பு எளிதில் நோய்வாய்ப்படுவதற்கு இது முதன்மையான காரணம்.

பண்ணையில் பரவிய நோய்

1972இல் சுவிட்சர்லாந்து நாட்டின் ஒரு பாம்புப் பண்ணையில், தென் அமெரிக்கக் குழிவிரியன்கள் அடுத்தடுத்து மடிந்தன. சில பாம்புகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. சில எந்த அறிகுறியும் காட்டாமலே இறந்து கிடந்தன. இறந்தவற்றிலிருந்து ஒரு தீநுண்மி, அதாவது வைரஸ், பிரித்தெடுக்கப்பட்டது. அப்பாம்பினத்திற்கு 'ஈட்டிமுனை' எனப் பொருள்படும் ஃபெர்-டி-லான்ஸ் என்னும் பிரெஞ்சுப் பெயர் உண்டு. அப்பெயரைச் சுருக்கி, இவ்வகைத் தீநுண்மிகளைப் பின்னர் 'ஃபெர்லா' என்றனர். இவை சேர்ந்த பாராமிக்சோ குடும்பம் நமக்கு அயலானதன்று. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் தீநுண்மியும், கோழிகளைக் கொத்துக்கொத்தாக மாய்க்கும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயின் தீநுண்மியும் இதே குடும்பத்தவை. அடைத்துவைத்த கோழிக்கூட்டில் அந்நோய் பரவும் விரைவைச் சிற்றூர் மக்கள் நன்கு அறிவர்.

செல்லப் பிராணியாக உலகெங்கும் விற்கப்படும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புகளை நெடுங்காலம் ஒரு நுரையீரல் அழற்சி வருத்திவந்தது. அதைப் பாக்டீரியாவால் வருவதாகக் கருதி எதிருயிரி மருந்துகள் கொடுத்தனர், பயன் குறைவு. 2014இல் அப்பாம்புகளில் நிடோ வகையைச் சேர்ந்த புதிய தீநுண்மி கண்டறியப்பட்டது. அதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 33,000 எழுத்துகளைக் கொண்டது. அப்போது அறியப்பட்டிருந்த ஆர்.என்.ஏ. தீநுண்மிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால், நோயுற்ற உடலில் ஒரு நுண்ணுயிர் இருப்பதாலேயே நோய்க்குக் காரணம் அதுவே என முடிவுகட்டிவிட முடியாது. 2018இல் அந்தத் தீநுண்மியை நலமான பாம்புகளுக்குச் செலுத்தி, அதே மூச்சுநோய் தோன்றுவதைக் கண்ட பின்னரே ஐயம் நீங்கியது.

கொரோனா தீநுண்மிகளும் நிடோ வகையின் கிளைகளே. 2020 சனவரியில், புதிய கொரோனா தொற்று நாகம், கட்டுவிரியன் போன்ற பாம்புகளிலிருந்து மனிதருக்கு வந்திருக்கலாம் என ஓர் ஆய்வுக்கட்டுரை கூறியது. மரபணுக் குறியீட்டின் சில ஒப்புமைகளை மட்டுமே கொண்டு எழுந்த அக்கருத்தை அறிவியலாளர்கள் விரைவிலேயே மறுத்தனர். பாம்புகளை வருத்தும் மேற்சொன்ன தீநுண்மிகள் மனிதரைத் தொற்றியதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே அஞ்சப்பட்டு அடிபடும் ஓர் உயிரின்மீது இன்னொரு பழியும் சேர இருந்தது. நல்வேளையாக அது நிலைக்கவில்லை.

பானையும் தனிமையும்

இத்தீநுண்மிகளைக் கொல்லும் உறுதியான மருந்து பாம்புகளுக்கு இல்லை. எதிருயிரி மருந்து, நலிந்த நுரையீரலில் பின்னர் வந்து சேரும் பாக்டீரியாவை மட்டுமே அடக்கும். தக்க வெப்பமும் நீரும் கொடுத்து உடலைத் தேற்றலாம். அதற்குமேல் செய்வதற்குச் சிறிதே உள்ளது. சில பாம்புகள் நலமாகத் தோன்றிக்கொண்டே நீண்டகாலம் தீநுண்மியை வெளியிட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. ஆகவே புதிதாக வந்த பாம்பைத் தனியே வைத்துக் கவனிப்பதும், வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த சளியை ஆய்வகத்தில் சோதிப்பதும், ஒரு பாம்பைத் தொட்ட கொக்கியையும் நீர்க்கலத்தையும் கழுவி நுண்ணுயிர் நீக்காமல் மற்றொன்றுக்குப் பயன்படுத்தாமையுமே காப்பு.

வடநெம்மேலியில் பாம்புகள் வைக்கப்படும் முறை இங்குக் கருதத்தக்கது. பெருங்கூண்டுகள் அங்கு இல்லை. அடியில் மணலிட்டு, வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் பாம்புகள் இடப்படுகின்றன. மண்பானை காற்றோட்டமும் குளிர்ச்சியும் தருவது. இருட்டில் பாம்பு அமைதியாகக் கிடக்கும். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்கள் நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதில்களில் அடையாளமிட்டு அதைக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அடையாளம் மறையுமுன் அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதனிடம் நஞ்செடுப்பதில்லை. இது தொற்றுநோயை எண்ணி வகுத்த முறை அன்று. பாம்பின் அளவையும் பிடிப்பவரின் வசதியையும் எண்ணி அமைந்தது. ஆயினும் நூற்றுக்கணக்கான பாம்புகளை ஆண்டுக்கணக்கில் ஒரே கூடத்தில் வளர்க்கும் பண்ணையைவிட, பிரிந்த பானையும் குறுகிய தங்கலும் நோய்ப்பரவலுக்குக் குறைந்த வாய்ப்பையே தருகின்றன. அதே வேளையில், இங்கு வரும் பாம்பு மீண்டும் காட்டிற்கே செல்வதால் பொறுப்பும் கூடுகிறது. பானையில் ஒட்டிய நோய் பாம்போடு சேர்ந்து வயலுக்கும் வரப்புக்கும் போய்விடக்கூடும்.

அப்படிப் போனால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் காட்டுகிறது. வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள், அங்குள்ள சதுப்புநிலங்களில் பெருகிவிட்டன. அவற்றைப் பிடிக்க உதவுமாறு 2017இல் அழைக்கப்பட்டவர்கள் வடநெம்மேலிச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஆவர். இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். மலைப்பாம்புகளோடு அந்நிலத்துக்குள் நுழைந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று, அங்குப் பிறந்து வளர்ந்த பாம்பினங்களின் நுரையீரலிலும் குடியேறியிருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், நிடோ வகைத் தீநுண்மிகள் மலைப்பாம்புகளிடம் மட்டுமன்றி அந்நிலத்துப் பாம்புகளிடமும் கண்டறியப்பட்டன. மலைப்பாம்பைத் தடம்பார்த்துப் பிடிக்க இருளரால் முடிந்தது. அதன் மூச்சோடு வந்தவற்றைப் பிடிக்க எந்தக் கொக்கியும் இல்லை.