காஸ் முடிந்ததா, காற்று அடைபட்டதா?

சித்திரை பிறந்து சோளகக் காற்று எழுவதற்கு முன் வருகின்ற அந்தப் புழுக்கமான வாரங்களில், யாழ்ப்பாணத்து நீர்வேலி வாழைத் தோட்டங்களில் ஓர் இலைகூட அசையாமல் நிற்க, பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற் கூரை அந்த உஷ்ணத்தை இரவு முழுவதும் வீட்டுக்குள் உமிழ்கின்றபோது, முன்னாளில் நாற்சார் முற்றமும் ஓட்டுக் கூரையும் செய்துவந்த காரியத்தைக் குளிரூட்டி யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட குடும்பங்கள், அது குளிர் தர மறுக்கும் தினத்தில் படுகின்ற அவஸ்தை கொஞ்சமல்ல. உடனே எல்லோர் வாயிலும் வருகின்ற தீர்ப்பு ஒன்றே: "காஸ் முடிஞ்சு போச்சு."

இத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. மோட்டார் சைக்கிளில் பெற்றோல் எரிந்து தீர்வதுபோல் குளிரூட்டியின் காஸ் தீர்வதில்லை. அடைத்த செப்புக் குழாய்களுக்குள் அது அறையின் வெப்பத்தை ஏற்று ஆவியாகி, வெளியிலுள்ள பெட்டியில் அவ்வெப்பத்தைக் கைவிட்டுத் திரவமாகி, மீண்டும் உள்ளே திரும்பி, வருஷக்கணக்காக ஒரே அளவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது குறைந்ததென்றால் எங்கோ கசிகிறதென்றே பொருள். ஆனால் கசிவைச் சந்தேகிக்குமுன் காற்றைச் சந்தேகிப்பதே விவேகம். செம்மண் பூமியில் புழுதிக்கு என்ன பஞ்சம்?

உட்பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால் வலைபோன்ற வடிகட்டி கையோடு வரும். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: மறுபுறம் தெரியாமல் செந்நிறப் போர்வை படிந்திருந்தால், நோய் பாதி தெரிந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் பின்புறமிருந்து அலசி, நிழலில் உலர்த்தி மாட்டவேண்டும். வெயிலில் போட்டால் சட்டம் நெளிந்துவிடும். காற்றோட்டம் குன்றியதால் உள்ளிருக்கும் குழாய்ச்சுருளில் பனிக்கட்டி பற்றியிருந்தால் அதைக் கத்தியால் சுரண்டுவது மூடத்தனம். குளிரை நிறுத்தி விசிறியை மாத்திரம் ஓடவிட்டால் தானே உருகும். சுவர் வழியே நீர் வடிகிறதா? வடிகுழாயில் பாசி அடைத்திருக்கிறது. வெளிப்பெட்டியை மறைத்து வளர்ந்த செடிகொடிகளை வெட்டி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதன் மெல்லிய தகடுகளை மிருதுவாகக் கழுவுவதும் வீட்டார் செய்யத்தக்க வேலையே.

குளிரூட்டி இல்லாத வீடுகளே இன்னும் அதிகம் என்பதால், கூரை விசிறியைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டிலுள்ள விசிறிகள் யாவும் மந்தமாகச் சுற்றினால் குற்றம் மின்னழுத்தத்தினுடையது. ஒன்று மாத்திரம் மந்தமானால், மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். கரகரத்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. வழுக்கிச் சுற்றியும், மின்சாரம் கொடுத்தபின் 'ம்' என்று முனகிக்கொண்டு நின்று, தும்புத்தடியால் மெல்லத் தள்ளியவுடன் ஓடத் தொடங்கினால், கொண்டென்சர் பலமிழந்துவிட்டது. பெரும்பாலும் அது 2.5 மைக்ரோபரட் அளவுள்ள ஒரு சிறு பெட்டி. அதில் அச்சிட்ட அளவையே கடையில் கேட்டு வாங்கவேண்டும். பெரியதைப் போட்டால் அதிகக் காற்று வருமென்பது வீண் ஆசை, கம்பிச்சுருள்தான் சூடேறும்.

இவ்விதக் கைவேலை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990இல் போரினால் மின்சாரம் அற்றுப்போனபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும், சில துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் அந்தத் துணிச்சலை அப்படியே குளிரூட்டிக்கு முன் கொண்டுவருவது அபாயம். வெளிப்பெட்டிக்குள் இருக்கும் கொண்டென்சர், மின்சாரத்தைத் துண்டித்தபின்னும் ஏற்றத்தைத் தக்கவைத்திருந்து கையை உதறச்செய்யும். புதிய யந்திரங்கள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-32 வாயு தீப்பற்றும் இயல்பும் சிறிது உடையது. வீட்டு ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும்படி அமைந்தது. அது மீண்டும் மீண்டும் விழுந்தால் அடம்பிடித்துத் தூக்கிவிடாமல் மின்வேலைக்காரரை அழைப்பதே முறை.

வடிகட்டி சுத்தமாகியும் பனிக்கட்டி திரும்பப் பற்றினால், அப்போதுதான் காஸின் முறை வருகிறது. வருகின்ற மெக்கானிக்கிடம், "தம்பி, எங்க லீக் எண்டு பார்த்துப்போட்டு நிரப்புங்கோ" என்று சொல்லுங்கள். துவாரத்தைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போகிறவர் அடுத்த சித்திரையிலும் அதே ஏணியோடு வரவேண்டியிருக்கும், பணமும் இரண்டாம் முறை போகும்.