பாற்போத்தல் ஒன்று, வீடுகள் இரண்டு

சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போய் வந்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். "கஷ்டம், போனார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இங்குள்ள கஷ்டமும் அங்குள்ள செல்வமும் தனித்தனிக் கதைகளல்ல.

1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காகியது. வளைகுடா நாடுகளில் பணம் குவிந்தது, பெரிய வீடுகள் எழும்பின. சமைக்கவும் துடைக்கவும் பிள்ளை பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. அதே விலையேற்றம், தானிய விலையும் சேர்ந்துகொள்ள, நம் நாட்டை வாட்டியது. பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையை உங்கள் உம்மம்மாவிடம் கேட்டால் சொல்லுவார். 1990களில் இங்கிருந்து வெளிநாட்டுத் தொழிலுக்குச் சென்றோரில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களில் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள்.

மூதூர் ரிஸானா நபீக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விறகு வெட்டிப் பிழைத்த குடும்பம். பிறந்தது 1988இல், கடவுச்சீட்டிலோ 1982 என்று எழுதப்பட்டது. 2005இல் சவூதியின் தவாத்மிக்குப் போனபோது வயது 17. வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் குழந்தை மரணித்தது. போத்தலில் பால் கொடுக்கையில் மூச்சடைத்தது என்றார் அவர். கழுத்தை நெரித்தார் என்பது குற்றச்சாட்டு. முதலில் கொடுத்த வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தார். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிஸாஸில் மன்னிக்கும் உரிமை வாரிசுகளுடையது, அவர்கள் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது.

பெற்ற பிள்ளையை இழந்த அந்தத் தாயின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால், மொழி தெரியாத ஒரு குமர்ப்பிள்ளையின் கையில் அந்தக் குழந்தை எப்படி வந்து சேர்ந்தது? குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடியது அங்குள்ள வீடு. வயதைக் கூட்டி எழுதியது இங்குள்ள கை.

நம் வீடுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்தல்லவா கலியாணம் பேசுகிறோம்? அந்த வீட்டுக்குக் கல்லும் கம்பியும் வாங்கத்தான் பல உம்மாமார் விமானம் ஏறினார்கள். கைக்குழந்தையை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு, அங்கே இன்னொருத்தியின் குழந்தையைத் தாலாட்டி, ரியாலை அனுப்பினார்கள். கட்டிய வீட்டில் மாப்பிள்ளை குடிபுகுந்தார். மஹர் கொடுத்து மணக்க வேண்டியவர் அவர்தான் என்பதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

ரிஸானாவின் மரணத்தின் பின், 2013இல், சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகும் குறைந்த வயது 25 ஆக்கப்பட்டது. 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்து எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த ஜூனில்தான் அதை 21 ஆகக் குறைக்க அமைச்சரவை அனுமதித்தது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது குமர்களின் வயது இறங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் புறப்படுவதானால், ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தில் முதலில் விசாரியுங்கள். பிள்ளை பராமரிப்பும் வேலையில் சேருமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். கடவுச்சீட்டிலுள்ள பிறந்த திகதியைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, இரண்டின் பிரதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.