பாட்டி ‘வெட்டிய’ மரம்

கே.எல். சென்ட்ரலில் ரயில் அட்டையைத் தட்டி நுழையும் நம் பிள்ளைகளுக்கு ‘டேப்’ என்றால் தட்டுவது. வீட்டில் அதுவே தண்ணீர்க் குழாய். பாடத்தில் ‘ரப்பர் டேப்பிங்’ வந்தால் குழம்புகிறார்கள்: மரத்தைத் தட்டுவதா?

இவை இரண்டு தனிச் சொற்கள். தட்டுவது பிரெஞ்சு வழி வந்தது. மற்றது பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் அடைப்பான். அதைத் திறந்து வடிப்பதும் ‘டேப்’ ஆனது. ரப்பர் மரத்தில் பால் வடிப்பதும் அந்தச் சொல்தான்.

மலாயில் ‘மெனோரே’, அதாவது கீறுதல். நம் தோட்டத்துத் தமிழில் ‘பால் வெட்டுதல்’. “அம்மா மரம் வெட்டப் போயிருக்காங்க” என்றால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் மரத்தையே சாய்ப்பதாக நினைப்பார்.

சாய்த்துவிட்டால் பால் ஏது? 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்ட இயக்குநர் ரிட்லி காட்டிய முறைப்படி, பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகும். புதுப் பட்டை ஒழுங்காக வளராது. பால் நன்றாக இறங்க, விடியுமுன்னே போக வேண்டும்.

கிள்ளான் பக்கம் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி வீட்டில் இருந்தால், “எப்படி வெட்டுவீங்க?” என்று கேளுங்கள். கையசைத்துக் காட்டுவார். பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலச் சொல்லும் புரியும், பாட்டியின் வேலையும் புரியும்.