புல்லைக் கொண்டுசென்ற ஓவியர்

ஸ்பெயின் தேசத்தின் கத்தலோனியப் பகுதியிலே மொண்ட்ரோச் என்பது ஒரு சிற்றூர். அங்கே தம் பெற்றோருக்குரிய பண்ணையை ஜுவான் மிரோ என்னும் ஓவியர் 1921ஆம் ஆண்டில் தைலவர்ணத்தில் தீட்டத் தொடங்கினார். ‘பண்ணை’ என்பதே படத்தின் பெயர். பார்சலோனாவில் அவ்வேலையைத் தொடர்ந்து, 1922இல் பாரிஸ் நகரிலே முடித்தார். ஏறத்தாழ ஒன்பது மாத உழைப்பு. பாரிசுக்குச் செல்லுகையில் ஊரின் உலர்ந்த புல்லையும் உடன் கொண்டுசென்றார். பாரிசிலே புல் இல்லையா என்று வினவுவீர்கள். உண்டு, ஆனால் அது மொண்ட்ரோச்சிலே முளைத்த புல் அன்றே!

இத்துணை உண்மைப் பற்றுடையவரின் படம் நிழற்படம் போன்றிருக்கும் என எண்ணிவிடாதீர்கள். நடுவிலே யூக்கலிப்ரஸ் மரம் ஒரு கரிய வட்டத்தினின்று எழுகின்றது. கோழிக்கூடு திறந்து கிடக்க, உள்ளே நிற்கும் சேவலும் ஆடும் முயலும் நமக்குப் புலனாகின்றன. சுவரின் வெடிப்பு, தரையில் ஊரும் நத்தை, செடிக்கு நீர்வார்க்கும் பூவாளி யாவும் ஒரே கூர்மையோடு துலங்குகின்றன. தூரத்துப் பொருள் மங்கித் தோன்றவேண்டும் என்று பாடசாலையில் நாம் கற்பிக்கும் விதி இங்கே செல்லவில்லை. ஊரைப் பிரிந்தவன் நினைவில் தூரம் ஏது? மிரோ அந்நினைவைத் தீட்டினார் என்றே நான் கொள்கின்றேன்.

1925இல் எழுத்தாளர் ஹெமிங்வே விலைக்கு வாங்கிய இப்படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது.