வாசிக்காமல் இருக்கக் கற்றவர்கள்

திசை மாறிய இசை – 9

போன வாரம் பெர்லினில் விட்டோம். ஹன்ஸா ஸ்டூடியோவில் யூ2 குழுவினர் முட்டிமோதிக்கொண்டிருந்தபோது, டிரம் இயந்திரம் உள்ளே வந்ததும் லாரி மல்லனுக்குத் தன் இடம் போய்விடுமோ என்ற கலக்கம் வந்ததைச் சொல்லியிருந்தேன். யூ2 வரலாற்றில் அது ஒரு கிளைக்கதை. பத்தாண்டு கழித்து, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் குழு ஒன்றுக்கு அதுவே முழுக்கதை ஆனது.

ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பம் 2000 அக்டோபர் 2-ம் தேதி வெளிவந்தது. ஒரு ராக் குழு தன் ஒலியை அடியோடு மாற்றிக்கொண்டதற்கு உதாரணம் கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான். கிதார் போய் கம்ப்யூட்டர் வந்தது என்று ஒரே வரியில் கதையை முடித்தும்விடுவார்கள். எனக்கு அந்த வரி போதவே இல்லை. கிதாரை ஓரமாக வைத்துவிடலாம். அதை வாசித்துக்கொண்டிருந்த மனிதரை எங்கே வைப்பது?

ஐந்து பேரும் அபிங்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்ததால், குழுவின் முதல் பெயரே ‘ஆன் எ ஃப்ரைடே’. தாம் யார்க் பாட்டும் கிதாரும்; ஜானி கிரீன்வுட்டும் எட் ஓ’பிரையனும் கிதார்; ஜானியின் அண்ணன் காலின் பேஸ் கிதார்; ஃபிலிப் செல்வே டிரம்ஸ். ஆக, ஒரே மேடையில் மூன்று கிதார். ஒன்றோடொன்று பின்னி, சில இடங்களில் உறுமி, சில இடங்களில் மணிபோல உதிர்ந்து, அந்த மூன்றும் சேர்ந்து எழுப்பிய சுவர்தான் அவர்களுடைய அடையாளம். 1995-ல் ‘தி பெண்ட்ஸ்’, 1997-ல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்று அந்தச் சுவர் உயர்ந்துகொண்டே போனது.

‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்தபின் உலகச் சுற்றுப்பயணம். ஊர் ஊராக மேடை, பேட்டி, புகைப்படம். அந்த 1997 நவம்பரில் பர்மிங்ஹாம் கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்த யார்க்கால் வாய் திறந்து பேச முடியவில்லை. அந்த நாட்களின் களைப்பை கிராண்ட் ஜீ எடுத்த ‘மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி’ ஆவணப்படத்தில் இன்றும் பார்க்கலாம். வெற்றி பெற்றவர்களின் முகம் அவ்வளவு வாடிப்போய் நான் வேறெந்த இசைப் படத்திலும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, அவர்கள் பாணியை அச்செடுத்ததுபோல ஏகப்பட்ட குழுக்கள் முளைத்திருந்தன. ரேடியோவைத் திருப்பினால் தன் குரலின் நகல்கள் தனக்கே கேட்டன. யார்க்குக்குக் கிதார் இசை என்றாலே வெறுத்துவிட்டது. வார்ப் நிறுவனம் வெளியிட்ட அஃபெக்ஸ் ட்வின், ஆட்டேகர் முதலியோரின் மின்னணு இசையை வாங்கி வாங்கிக் கேட்டார். கார்ன்வால் கடற்கரைப் பாறைகள் மேல் நடந்தார், படம் வரைந்தார், தனக்குச் சரியாக வராத பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வழி பிறந்தது. மற்ற நால்வருக்கு?

எட் ஓ’பிரையன் அடுத்த ஆல்பத்தில் சின்னச் சின்னதாக, இனிமையான கிதார் பாட்டுகள் இருக்கும் என்று நம்பியிருந்தார். தப்பான ஆசை ஒன்றும் இல்லை; இசைத்தட்டு நிறுவனமும் ரசிகர்களும் ஆசைப்பட்டது அதுதான். தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுக்குக்கூட, நன்றாக வருகிற வேலையை விட்டுவிட்டு வராத வேலைக்கு ஏன் போக வேண்டும் என்பது முதலில் பிடிபடவில்லை. இப்படி ஆளுக்கொரு மனத்தோடு 1999 ஜனவரியில் பாரிஸில் ஒலிப்பதிவு தொடங்கியது. ஒன்றும் தேறவில்லை. மார்ச்சில் கோபன்ஹேகன். அங்கே இரண்டு வாரத்தில் சுமார் 50 ரீல் நாடா நிரம்பியது. ஒவ்வொன்றிலும் 15 நிமிட இசை. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். முடிந்த பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து குளோஸ்டர்ஷயரில் ஒரு பண்ணை மாளிகை. வெளியிடத் தகுந்த ஆல்பம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒன்று தேறாவிட்டால் குழுவையே கலைத்துவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வளர்ந்த நட்பு அந்த இடம் வரைக்கும் போனது.

நம் ஊர்க் கச்சேரியில் ராக ஆலாபனை நடக்கும்போது மிருதங்க வித்வான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் அவரைப் பாவம் என்று நினைப்பதில்லை. தன் முறை வரும் என்று அவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். ராக் குழுவில் அப்படி ஒரு மரபே கிடையாது. ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் எல்லாப் பாட்டிலும் வாசிக்க வேண்டும்; குழு என்பதன் அர்த்தமே அதுதான் என்று பதினைந்து வருடமாக வாழ்ந்தவர்கள் இவர்கள். ஒலியை மாற்றுவதற்கு முன்னால் இந்த வழக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது.

உடைத்தது, யார்க் அந்தத் தெரியாத பியானோவில் போட்டு வைத்திருந்த ஒரு மெட்டு. ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ என்ற முதல் பாட்டு. பியானோவில் அது பெரிதாக எடுபடவில்லை. யார்க்கும் காட்ரிச்சும் அதை ‘புராஃபெட் 5’ என்ற சிந்தசைஸருக்கு மாற்றினார்கள். குரலைத் துண்டுதுண்டாக வெட்டி, சிதறவிட்டு, மறுபடி கோத்தார்கள். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தால் பத்து எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிகிறது. நான்குக்குப் பழகிய காது அதற்குள் இரண்டு முறை தடுமாறிவிடும். பாட்டு முடிந்தபோது, அது பிரமாதமாக வந்திருக்கிறது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஓ’பிரையன் பிற்பாடு இதைப் பற்றிச் சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர்நாடி. மாதக்கணக்கில் கூடவே உழைத்து, கடைசியில் தன் பங்கு எதுவும் இல்லாத ஒரு நல்ல பாட்டு பிறக்கும்போது, அதைக் கேட்டு மனதார மகிழ முடிவது பெரிய விடுதலை என்றார் அவர். எத்தனை கலைஞர்களுக்கு இந்த மனம் வாய்க்கும்?

1999 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே சட்டன் கோர்ட்டனி என்ற ஊரில் அவர்களுடைய சொந்த ஸ்டூடியோ தயாரானது. 2000 ஜனவரியில் காட்ரிச் ஒரு பயிற்சி வைத்தார். ஐவரும் இரண்டு அணியாகப் பிரிய வேண்டும். ஓர் அணி கிதார், டிரம்ஸ் போன்ற எதையும் தொடாமல் ஓர் ஒலித்தொடரை உண்டாக்க, இன்னோர் அணி அதை வளர்த்தெடுக்க வேண்டும். அதிலிருந்து முழுப் பாட்டு எதுவும் பிறக்கவில்லை. ஆனாலும் கைவசக் கருவி இல்லாமல் தாங்கள் ஊமையாகிவிட மாட்டோம் என்ற தைரியம் ஐந்து பேருக்கும் வந்தது. பயிற்சியின் பலன் அதுதான்.

‘இடியோடெக்’ பாட்டு உருவான விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜானி கிரீன்வுட் வயர்களைச் செருகிச் செருகி இயக்கும் மாடுலர் சிந்தசைஸரில் ஒரு தாளத்தை உண்டாக்கினார். அது போதவில்லை என்று தோன்றவே, தன்னிடமிருந்த ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து சில ஒலிகளை எடுத்துச் சேர்த்து, சுமார் 50 நிமிடத்துக்கு மனம்போன போக்கில் வாசித்துப் பதிந்து, அந்த நாடாவை யார்க் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுவதையும் கேட்ட யார்க்குக்கு ஒரே ஓர் இடம் பளிச்சென்று பட்டது. ஒரு நிமிடம்கூட வராது. அதை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே பாட்டு எழுதினார்.

அந்த ஒரு துளி எங்கிருந்து வந்தது தெரியுமா? பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் பெருங்கணினியில், துளையிட்ட அட்டைகளை அடுக்கி 1973-ல் உருவாக்கிய ‘மில்ட் உண்ட் லைஸ’ என்ற படைப்பிலிருந்து. அந்தப் படைப்போ வாக்னரின் ‘டிரிஸ்டன்’ இசைநாடகத்தில் வரும் புகழ்பெற்ற சுரக்கூட்டை மூலமாக வைத்துக் கட்டப்பட்டது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் ஒரு நாதம், ஒரு பல்கலைக்கழகக் கணினி வழியாக, ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்களின் நடனப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. குழு முறைப்படி அனுமதி கேட்டது, லான்ஸ்கியும் சந்தோஷமாகக் கொடுத்தார். பாட்டின் உரிமையில் அவர் பெயரும் இருக்கிறது. அதில் கேட்கும் நான்கு சுரக்கூட்டுகளும் அவருடையவைதான். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்: வறண்ட, தகரத்தைத் தட்டுவதுபோன்ற தாளம், அதன் அடியில் அந்த நான்கு சுரக்கூட்டுகள் மட்டும் ஈரமாக, கொஞ்சம் நடுங்கியபடி வந்து போகும்.

ஜானியைக் கிதார்க்காரர் என்று மட்டும் சொல்வது இனி செல்லாது என்று ஆனதும் இந்த ஆல்பத்தில்தான். பதினைந்து வயதில் ஒலிவியே மெசியானின் ‘துரங்கலீலா’ சிம்ஃபனியைக் கேட்டு, அதில் வரும் ஓன்ட் மார்ட்டினோ என்ற கருவி மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. மொரீஸ் மார்ட்டினோ என்ற பிரெஞ்சுக்காரர் 1928-ல் அறிமுகப்படுத்திய மின்னிசைக் கருவி அது. விரலில் மோதிரம் மாட்டி, ஒரு கம்பி வழியே இழுத்து வாசிக்க வேண்டும். மனிதக் குரல் அழுவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். (அந்த மெசியான், சாரங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களைத் தேடிப் படித்துத் தன் இசையில் கையாண்டவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.) ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ பாட்டுக்கு ஜானி முதலில் அந்தக் கருவியை அடுக்கடுக்காகப் பதிந்து, அதை வைத்து நரம்பிசைப் பகுதியை எழுதினார். டார்செஸ்டர் என்ற ஊரின் பழைய மடாலயத் தேவாலயத்தில் செயின்ட் ஜான்ஸ் இசைக்குழுவினர் அதை வாசித்தார்கள். தாளைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். வயலினில் முடியாத காரியங்களை எழுதி வைத்திருந்தார் ஜானி. நடத்துநர் ஜான் லப்பக்தான், முயன்று பாருங்கள் என்று அவர்களை உற்சாகப்படுத்தினார். முடியாததற்கு முயன்றதால் வந்த அந்த அலைபாய்தல்தான் பாட்டின் கடைசி இரண்டு நிமிடங்களில் நம்மைத் தரையிலிருந்து தூக்குகிறது.

பாத்திர மாற்றம் அதோடு நிற்கவில்லை. ‘தி நேஷனல் ஆந்தம்’ பாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும் அந்தக் கனத்த பேஸ், யார்க் பதினாறு வயதில் யோசித்தது; வாசித்ததும் அவரே. பேஸ் வாசிப்பவரான காலினுடைய இடம் அது. அதன் மேல் எட்டுப் பேர் ஊதுகருவிகளோடு, சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் பாணியில், ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஊதுகிறார்கள். ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ கேட்டால் யாரோ சிந்தசைஸரில் மேகம் வரைவதுபோல இருக்கும். அது ஓ’பிரையனின் கிதார்! அவர் வாசித்ததை எடுத்துக் கம்ப்யூட்டரில் உருக்கி, அடையாளம் தெரியாமல் ஆக்கியவர் யார்க்.

இவ்வளவுக்கும் நடுவில் ‘ஆப்டிமிஸ்டிக்’ போல அசல் கிதார் பாட்டும் ஆல்பத்தில் இருக்கிறது. கடைசியில் வரும் ‘மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்’, அவர்களை உலகுக்குக் காட்டிய ‘கிரீப்’ பாட்டுக்கும் முன்னால் எழுதியது. காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கனில் அது ஒலிக்கிறது. புதிய ஒலிக்குப் புதிய பாட்டு வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

வெளியீட்டிலும் வழக்கம் மாறியது. சிங்கிள் இல்லை, முழு நீள வீடியோ இல்லை. சில நொடிகள் ஓடும் அசைவூட்டப் படங்களை மட்டும் டிவிக்குக் கொடுத்தார்கள். வெளியாகும் முன்பே, இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் வழியாகப் பாட்டுகள் கசிந்தன. விற்காது என்று சொன்னவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்று, அங்கே அவர்களுடைய முதல் நம்பர் ஒன் ஆல்பமானது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி ‘நியூயார்க்கர்’ இதழில், சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டவர்களுக்கு இப்படியோர் ஆல்பம் கேட்கிற பொறுமை எங்கிருந்து வரும் என்ற பொருளில் எழுதினார். ஹார்ன்பியின் எழுத்து எனக்குப் பிடிக்கும். இந்தக் கருத்து பிடிக்கவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, ராத்திரி மூன்று மணி நேரம் ஒரே ராகத்தைக் கேட்டவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். களைத்தவருக்கு எளிதானதுதான் பிடிக்கும் என்று முடிவுகட்ட யாருக்கும் உரிமை இல்லை.

பதிவு முடிந்தபோது கையில் இருபதுக்கு மேல் பாட்டுகள் இருந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி அடுத்த வருடமே ‘அம்னீசியாக்’ என்று வந்தது. அதே 2000-ல், விளம்பரப் பலகை ஒன்றும் இல்லாத பெரிய கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார்கள். ஸ்டூடியோவில் ஒதுங்கி நின்றவர்கள் மேடையில் இந்தப் பாட்டுகளை மறுபடி தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். யார்க் பாடப் பாட, ஜானி கீழே உட்கார்ந்து அந்தக் குரலையே பிடித்து, சின்னப் பலகை ஒன்றில் விரலால் தேய்த்து உடைத்துத் திருப்பி அனுப்புவார். ‘இடியோடெக்’ வந்ததும் வயர்களைப் பிடுங்கிச் செருகுவார். செல்வேயின் டிரம்ஸும் அதோடு சேர்ந்துகொள்ளும். 2001-ல் வந்த ‘ஐ மைட் பி ராங்’ என்ற கச்சேரிப் பதிவில் இந்தப் பாட்டுகளைக் கேட்கலாம். முதலில் ‘கிட் ஏ’, அடுத்து இது என்ற வரிசையில் கேட்பது நல்லது.

‘கிட் ஏ’க்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, லண்டனில் ஒரு பாப் குழு இருட்டறைக்குள் போய் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தது. அந்தக் குழுவுக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இடையிலான சண்டை நீதிமன்றம் வரை போனது. ‘டாக் டாக்’ குழுவையும் அதன் பாடகர் மார்க் ஹாலிஸையும் அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)