உடலும் பழக்கமும்

தறிக்குழியில் அமர்ந்து நாடா ஓட்டும் நெசவாளரும், குனிந்து நாற்று நடும் உழவரும் இடுப்பு வலியைத் தொழிலோடு பிறந்த துன்பம் என்றே ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். வலி கண்டபின் தைலமும் ஒத்தடமும் தேடுகிறோம். ஆனால் அவ்வேலையை நம் உடல் எவ்வாறு செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கேள்வியையே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றை அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

எஃப். எம். அலெக்ஸாண்டர் 1869-ஆம் ஆண்டில் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளை மேடையில் பேசிக் காட்டுவது அவர் தொழில். இளமையிலேயே அவர் குரல் கம்மத் தொடங்கியது. வைத்தியர் சொற்படி இரண்டு வாரம் குரலுக்கு ஓய்வு கொடுத்தார். மேடை ஏறியபோது குரல் தெளிவாகவே இருந்தது. நிகழ்ச்சி முடிவதற்குள் பேசவே இயலாத நிலை வந்தது. குரலையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இதனினும் பெரிய இடர் வேறு என்ன வேண்டும்?

ஓய்வில் நன்றாயிருந்த குரல் பேசும்போது கெடுகிறதெனில், பேசும்போது தாம் செய்யும் ஏதோ ஒன்றே காரணமாதல் வேண்டும் என அவர் துணிந்தார். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறக்கும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்தி, வாயால் மூச்சை உறிஞ்சுவதைக் கண்டார்.

குறை தெரிந்துவிட்டது, திருத்துவது எளிது என்று எண்ணித் தலையை முன்னுக்குக் கொண்டுவர முயன்றார். கொண்டுவந்து விட்டதாகவே உணர்ந்தார். ஆனால் பக்கங்களில் மேலும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோது, தலை முன்போலவே பின்னுக்குச் சென்றுகொண்டிருந்தது! நெடுநாட் பழக்கம் எதுவோ அதுவே நமக்குச் சரியெனத் தோன்றும். ஆகவே உடலின் உணர்வை மட்டும் நம்பி உடலைத் திருத்த இயலாது என்பதே அவர் கண்ட உண்மை. செயலைத் தொடங்குமுன் ஒரு கணம் நின்று, பழைய இழுப்புக்கு இடங்கொடாது, பின்னரே செயற்படும் வழியை அவர் பழகினார். குரல் மீண்டது.

1904-இல் இலண்டன் சென்ற அவர், 1955-இல் மறையும் வரை இம்முறையைப் பிறருக்குக் கற்பித்தார். இதில் பிடித்து முறுக்குவதோ அழுத்துவதோ இல்லை. நாற்காலியில் அமரும்போதும் எழும்போதும் ஆசிரியர் கழுத்திலும் முதுகிலும் மெல்லக் கை வைத்து, வேண்டாத இறுக்கத்தை உணர்த்தி, அதை விடச் செய்கிறார். 1973-இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி டின்பெர்கன், தமது பரிசு விழாச் சொற்பொழிவிலேயே இம்முறையைப் பாராட்டினார்.

பாராட்டினும் சோதனை மேலன்றோ? நாட்பட்ட இடுப்பு வலியுடைய 579 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் கணக்கிட்டபோது, வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றோர் நான்கு வாரத்தில் 21 நாள் வலியுற்றனர். 24 பாடம் பயின்றோர்க்கு அது 3 நாளாகவும், 6 பாடம் பயின்றோர்க்கு 11 நாளாகவும் குறைந்திருந்தது.

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. காலில் மரத்துப்போதல், வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை கண்டால் உடனே வைத்தியரிடமே செல்லல் வேண்டும்.

ஆசிரியர் கிட்டாதவரும் இதில் ஒரு பகுதியைச் செலவின்றிக் கைக்கொள்ளலாம். பாயில் மல்லாந்து படுத்து, தலைக்கடியில் சில புத்தகங்களை அடுக்கி, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, கண் திறந்தபடி கால் மணி நேரம் இருத்தல் இம்முறையார் வழக்கம். வேலைக்கிடையிலும், மிதியில் கால் வைக்குமுன், மண்வெட்டியை ஓங்குமுன், ஒரு கணம் நின்று கழுத்தும் தோளும் வீணே இறுகியுள்ளனவா என்று பாருங்கள். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடியிடுகிறோம். நம் உடலுக்கும் அந்த ஒரு கணத்தை அளிப்போமாக.