விதைக்குமுன் மண்ணை நனைத்தல்

விதை முளையாவிடின் விதையைப் பழிப்பது நம்மவர் வழக்கம். கடைக்காரர் பழைய விதையைத் தந்துவிட்டார் என்போம். எறும்பு கொண்டுபோயிற்று என்போம். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருத்தல் கூடும். ஆயினும் பெரும்பாலும் குற்றம் விதையிலன்று, அதனை ஏற்ற மண்ணின் ஈரத்திலேயே உள்ளது.

பெட்டியிலோ சாடியிலோ மிளகாய், தக்காளி நாற்றுப் போடுவோர் தும்புச்சோறு, மக்கிய சாணியெரு, மணல் ஆகியவற்றைக் கலந்து கொள்கின்றனர். தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் கபிலநிறத் தூளே தும்புச்சோறு. ஒருகாலத்தில் ஆலையோரங்களிற் குன்றுபோற் குவிந்து கிடந்த இக்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கடல்கடந்து விலைபோகின்றது. தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைத் தாங்கவல்லது அது.

இத்தகைய கலவை நன்றாக உலர்ந்துவிட்டால், சிறப்பாக அதிலுள்ள எரு, நீரை எளிதில் ஏற்பதில்லை. மேலே ஊற்றிய நீர் சாடியின் ஓரமாக வழிந்து அடித்துளையால் வெளியேறிவிடும். மேற்பரப்போ கறுத்து ஈரமாகத் தோன்றும். ஒருமுறை நானும் இத்தோற்றத்தை நம்பி, உலர்ந்த கலவையில் மிளகாய் விதையை இட்டு நாள்தோறும் பூவாளியால் நீர் தெளித்து வந்தேன். பத்து நாள் கழித்துக் கிளறிப் பார்த்தபோது, அரை அங்குலத்தின் கீழ் மண் புழுதியாகவே கிடந்தது! நீரை உறிஞ்சி உறை வெடித்த விதை மீண்டும் உலருமாயின் இறந்துபடும். பின்னர் எவ்வளவு நீர் வார்த்தும் பயனில்லை.

ஆகவே, விதைப்பதற்கு முதல்நாளே கலவையை ஓர் அகன்ற தாச்சியில் இட்டு, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கையாற் பிசறுக. வெதுவெதுப்பான நீராயின் விரைவில் ஊறும். தும்புச்சோற்றுக் கட்டியைத் தனியே ஊறவைத்தல் நன்று. 650 கிராம் கட்டியொன்று ஏறத்தாழ 4 லீற்றர் நீரைக் குடிக்கும். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்குமாதலின், நன்னீரால் இரண்டொரு முறை அலசிப் பிழிந்துகொள்ளுதல் வேண்டும். பிசறிய கலவையைச் சாக்கினால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுக.

காலையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடையே ஓரிரு துளி கசிந்து, கையை விரித்தபின் உருண்டை நிலைத்து, பெருவிரலால் தொட்டதும் உதிருமாயின் அதுவே பதம். உருண்டை சேராவிடின் நீர் போதாது. நீர் ஒழுகினால் மிகை. மண்ணிடையே காற்றுக்கு இடமிராது. அத்தகைய ஈரத்திற்றான் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் பெருகி, நாற்றின் தண்டை நிலமட்டத்தில் அழுகச்செய்து சாய்த்துவிடுகின்றன.

செவ்வரத்தை, குரோட்டன் தடிகளை நடுவோர்க்கு இதனினும் மிகுந்த கவனம் தேவை. வேரற்ற தடி வெட்டுவாயினாலேயே நீரையும் காற்றையும் பெறவேண்டியிருத்தலின், கலவையிற் பாதியளவு மணல் இருத்தல் நன்று. தடியைக் குத்தி நுழைக்காமல், குச்சியால் துளையிட்டு நட்டுச் சுற்றிலும் மண்ணை மெல்ல அழுத்துக. சேறான மண்ணில் வெட்டுவாய் கறுத்து அழுகும்.

நட்டபின் சாடியை நிழலில் வைத்து, மேற்பரப்பு வெளிறும்போது மட்டும் சாடியை ஒரு தட்டு நீரில் வைத்து அடியிலிருந்து நீர் ஏறவிடுக. மேல்மண் கறுத்ததும் தட்டை அகற்றிவிடலாம்.